லூயி பாச்சர்: பற்றீரியாவின் நன்மையையும் தீமையையும் கண்டறிந்த வாழ்க்கை



நுண்ணங்கிகள் பற்றிய அலகைப் படிக்கும்போது உங்களிற் பலர் கொப்பியில் இரண்டு நிரல்களைக் கீறிக்கொள்வீர்கள். ஒன்று பயன்தரும் பற்றீரியாக்களுக்கு, மற்றையது தீங்கு விளைவிக்கும் பற்றீரியாக்களுக்கு. தயிரும் வினாகிரியும் முதலாவது நிரலில் வரும். நெருப்புக்காய்ச்சல், ஏற்புவலி, காசநோய், உணவு பழுதடைதல் என்பன இரண்டாவது நிரலில் வரும். இப்பட்டியலை மனனம் செய்தால் ஒருசில புள்ளிகள் கிடைக்கும். ஆனால், காரணம் கூறுமாறு கேட்டால் பட்டியல் கைகொடுக்காது. பாலைத் தயிராக்கும் வகைப் பற்றீரியா வேறோர் இடத்தில் ஒரு தொழிலையே நட்டமடையச் செய்வது எவ்வாறு? வினாகிரியைத் தரும் பற்றீரியா திராட்சை மதுவைப் பழுதாக்குவது ஏன்? இவ்வினாக்களுக்கு விடை தேடியவர் பிரான்சு நாட்டு விஞ்ஞானி லூயி பாச்சர். அவருடைய வாழ்க்கையை ஒழுங்காக அறிந்துகொண்டால் இவ்வலகின் பெரும்பகுதி உங்களுக்குத் தானாகவே விளங்கும்.

இளமையும் கல்வியும்

பாச்சர் 1822 டிசெம்பர் 27ஆம் திகதி கிழக்குப் பிரான்சில் உள்ள டோல் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தையார் தோல் பதனிடும் தொழில் செய்தவர். நெப்போலியனின் படையிற் பணியாற்றி ஓய்வு பெற்றவர். பின்னர் குடும்பம் ஆர்புவா என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தது. பாடசாலையில் பாச்சர் படம் வரைவதில் வல்லவராக விளங்கினார். பெற்றோரையும் அயலவரையும் பார்த்து அவர் வரைந்த உருவப்படங்கள் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. உருவத்தைக் கூர்ந்து நோக்கும் இப்பழக்கம் பின்னர் அவருக்குப் பெரிதும் உதவியது.

1843 இல் பரிசில் உள்ள உயர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்து இரசாயனவியல் கற்றார். 1848 இல், தமது 25ஆவது வயதில், தாத்தாரிக்கமில உப்பின் பளிங்குகளை ஆராய்ந்தபோது, அவற்றுள் வலக்கையும் இடக்கையும் போல ஒன்றுக்கொன்று ஆடி விம்பமான இரண்டு வகைகள் இருப்பதைக் கண்டார். அவற்றை ஒவ்வொன்றாகக் கையாற் பொறுக்கிப் பிரித்தெடுத்தார். 1849 இல் மரி லோரன் என்பவரை மணந்தார். மரி அவருடைய ஆய்வுக் குறிப்புகளை எழுதி உதவிய துணைவியாகவும் விளங்கினார்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். பாச்சர் ஒரு மருத்துவர் அல்லர். அவர் இரசாயனவியலாளராகவே நுண்ணங்கிகளின் உலகினுள் நுழைந்தார்.

பழுதான தொட்டிகள் தந்த பாடம்

1854 இல் பாச்சர் லில் நகரில் விஞ்ஞான பீடத் தலைவராக நியமிக்கப்பட்டார். அந்நகரில் பீற்றூட் கிழங்கின் சாற்றை நொதிக்கச் செய்து அற்ககோல் தயாரிக்கும் தொழில் நடைபெற்றது. 1856 இல், அவருடைய மாணவர் ஒருவரின் தந்தையார் உதவி கேட்டு வந்தார். அவருடைய வடிசாலையில் சில தொட்டிகள் அற்ககோலைத் தராமற் புளித்துப்போயின. காரணம் எவருக்கும் தெரியவில்லை.

பாச்சர் நுணுக்குக்காட்டியுடன் வடிசாலைக்குச் சென்றார். நன்றாக நொதித்த திரவத்தில் உருண்டையான மதுவக் கலங்கள் காணப்பட்டன. புளித்த திரவத்தில் மதுவத்தைவிட மிகச் சிறிய, வேறு வடிவமுடைய உடல்கள் இருந்தன. அக்காலத்தில் ஜேர்மனியின் லீபிக் போன்ற பெரும் இரசாயனவியலாளர்கள், நொதித்தல் என்பது உயிரற்ற பொருள் சிதைவடைவதால் நிகழும் வெறும் இரசாயன மாற்றம் என்றே கருதினர். பாச்சர் அதனை ஏற்கவில்லை. புளித்த பாலிலும் சீனிக் கரைசலிலும் தோன்றும் சாம்பல் நிறப் பொருளில் ஒரு சிறு துளியை எடுத்துப் புதிய சீனிக் கரைசலில் இட்டார். அங்கே அது பெருகியது, இலற்றிக்கமிலமும் உண்டாயிற்று. இம்முடிவை 1857 இல் வெளியிட்டார்.

இதிலிருந்து அவர் பெற்ற கருத்து எளிமையானது. ஒவ்வொரு வகை நொதித்தலுக்கும் அதற்கே உரிய ஒரு நுண்ணங்கி உண்டு. மதுவம் சீனியை எதனோலாகவும் காபனீரொட்சைட்டாகவும் மாற்றுகின்றது. இலற்றிக்கமிலப் பற்றீரியா சீனியை இலற்றிக்கமிலமாக மாற்றுகின்றது. வடிசாலைக்காரருக்கு நட்டம் ஏற்பட்டதற்குக் காரணம், மதுவம் வளரவேண்டிய இடத்திற் பற்றீரியா வளர்ந்தமையே.

இப்போது உங்கள் வீட்டுச் சமையலறையை நினைத்துப் பாருங்கள். காய்ச்சி ஆறவைத்த பாலில் ஒரு கரண்டி பழைய தயிரை இடும்போது நீங்கள் செய்வதும் பாச்சர் செய்த அதே வேலைதான். பாலிலுள்ள இலற்றோசைப் பற்றீரியா இலற்றிக்கமிலமாக மாற்ற, அமிலத்தினாற் பாற்புரதம் திரண்டு தயிர் உறைகின்றது. வடிசாலைக்குத் தீமை செய்த தாக்கம் இங்கே நன்மையாகின்றது.

கவனிக்க: மதுவம் பற்றீரியா அன்று, அது பங்கசு வகையைச் சேர்ந்தது. பரீட்சையிற் பலர் இவ்விடத்திற் தவறு விடுகின்றனர்.

ஒட்சிசன் இன்றியும் வாழ்வன

1861 இல் பாச்சர் வேறொரு வகை நொதித்தலை ஆராய்ந்துகொண்டிருந்தார். பழுதான வெண்ணெயின் வாடைக்குக் காரணமான பியூற்றிரிக்கமிலம் உண்டாகும் நொதித்தல் அது. ஒரு துளித் திரவத்தை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்து நோக்கியபோது, துளியின் நடுவில் இருந்த பற்றீரியாக்கள் சுறுசுறுப்பாக அசைந்தன. வளி படும் ஓரத்தில் இருந்தவை அசைவற்றுக் கிடந்தன. வளி இவற்றுக்குத் தீமை செய்கின்றது என அவர் அனுமானித்தார். ஒட்சிசன் உள்ள சூழலில் வாழ்வன, ஒட்சிசன் அற்ற சூழலில் வாழ்வன என உயிர்களைப் பிரித்துக் கூறும் வழக்கம் இவ்வாறே தோன்றியது. ஆழமான காயத்தினுள் ஏற்புவலிப் பற்றீரியா வளர்வதும், குறைபாடாகப் பதப்படுத்தப்பட்ட தகர உணவில் நச்சுப் பற்றீரியா வளர்வதும் ஏன் என்பதற்கு விடை இங்கே உள்ளது.

நுண்ணங்கிகள் எங்கிருந்து வருகின்றன?

சூப்பைத் திறந்து வைத்தால் அது பழுதாகும். அதிலுள்ள நுண்ணங்கிகள் உயிரற்ற பொருளிலிருந்து தாமாகவே தோன்றுகின்றனவா, அல்லது வெளியிலிருந்து வருகின்றனவா? இது பற்றிப் பிரான்சிற் கடும் விவாதம் நடந்தது.

பாச்சர் கண்ணாடிக் குடுவையிற் போசணைத் திரவத்தை இட்டு, குடுவையின் கழுத்தை வெப்பமாக்கி அன்னத்தின் கழுத்துப் போல வளைத்து நீட்டினார். பின்னர் திரவத்தைக் கொதிக்க வைத்து ஆறவிட்டார். கழுத்தின் முனை திறந்திருந்தமையால் வளி தடையின்றி உட்சென்றது. ஆயினும், தூசும் அதில் ஒட்டியுள்ள நுண்ணங்கிகளும் வளைவிலே தங்கிவிட்டன. திரவம் தெளிவாகவே இருந்தது. குடுவையைச் சரித்துத் திரவத்தை வளைவிலுள்ள தூசிற் படச் செய்தபோது, சில நாட்களில் அது கலங்கியது.

1860 இல் வேறொரு பரிசோதனையும் செய்தார். கொதிக்க வைத்து மூடிய குடுவைகளை வெவ்வேறு இடங்களுக்குக் கொண்டுசென்று திறந்து மீண்டும் மூடினார். ஆர்புவாவுக்கு அருகில் திறந்த 20 குடுவைகளில் 8 பழுதடைந்தன. யூரா மலையில் 20 இல் 5 பழுதடைந்தன. அல்ப்சு மலையில் ஏறக்குறைய 2000 மீற்றர் உயரத்திற் பனிக்கட்டியாற்றின் அருகே திறந்த 20 இல் ஒன்று மட்டுமே பழுதடைந்தது. வளி எங்கும் உண்டு. நுண்ணங்கிகள் எங்கும் ஒரே அளவில் இல்லை என்பது இதனாற் தெளிவாயிற்று. 1862 இல் விஞ்ஞானக் கழகம் அவருக்குப் பரிசு வழங்கியது.

எனினும், அவரை எதிர்த்தவர்கள் வைக்கோல் ஊறிய நீரைக் கொதிக்க வைத்தபோது அது மீண்டும் கலங்கியது. சில பற்றீரியாக்கள் கொதிநீரையும் தாங்கும் வித்திகளை உருவாக்குகின்றன என்பது 1870களிலேயே விளக்கப்பட்டது. பாச்சரின் உதவியாளரான சாம்பர்லாந்து 1879 அளவில் உயர் அமுக்கத்திற் கிருமியழிக்கும் கலத்தை உருவாக்கினார். இன்று வைத்தியசாலைகளில் 121 பாகை செல்சியசு வெப்பநிலையில் ஏறத்தாழ 15 நிமிடம் வைத்து உபகரணங்களைக் கிருமியழிப்பது இதே தத்துவப்படியே.

வினாகிரியும் திராட்சை மதுவும்

வினாகிரி உண்டாவதைப் பாச்சர் 1860களின் முற்பகுதியில் ஆராய்ந்தார். மதுவின் மேற்பரப்பில் மெல்லிய படலமாக வளரும் பற்றீரியா, வளியிலுள்ள ஒட்சிசனைப் பயன்படுத்தி எதனோலை அசற்றிக்கமிலமாக மாற்றுகின்றது. படலம் திரவத்தினுள் அமிழ்ந்தால் ஒட்சிசன் கிடைக்காமல் வேலை நின்றுவிடும். வினாகிரி செய்வோர் இதனை அறிந்தபின், படலத்தை மேற்பரப்பிலேயே பேணினர்.

மது விற்போருக்கோ இதே பற்றீரியா பெரும் நட்டத்தைக் கொடுத்தது. பிரான்சின் திராட்சை மது புளித்தும் கசந்தும் பழுதடைந்தது. 1863 இல் மன்னர் மூன்றாம் நெப்போலியன் இதனை ஆராயுமாறு பாச்சரைக் கேட்டுக்கொண்டார். மதுவை வளி புகாத நிலையிற் சில நிமிடம் 50 முதல் 60 பாகை செல்சியசு வரை வெப்பமாக்கினால், சுவை பெரிதும் கெடாமல் பழுதாக்கும் நுண்ணங்கிகள் அழியும் என அவர் கண்டார். 1865 இல் அதற்கு ஆக்கவுரிமை பெற்றார். அவருடைய பெயரிலேயே இம்முறை பாச்சராக்கம் எனப்படுகின்றது. பாலுக்கு இது பிற்காலத்திலேயே பயன்படுத்தப்பட்டது. இன்று பாலை 63 பாகை செல்சியசில் 30 நிமிடம், அல்லது 72 பாகை செல்சியசில் 15 செக்கன் வெப்பமாக்கி விரைவாகக் குளிரச் செய்வர்.

கவனிக்க: பாச்சராக்கமும் கிருமியழித்தலும் ஒன்றல்ல. பாச்சராக்கத்தில் நோயாக்கிகள் அழிகின்றன. ஆனால், எல்லா நுண்ணங்கிகளும் அழிவதில்லை. பாச்சராக்கிய பாலைக் குளிரூட்டியில் வைக்கவேண்டியது இதனாலேயே.

வீட்டினுள் வந்த நோய்

மதுவும் வினாகிரியும் பழுதாவது பணத்தோடு நின்றுவிடும். பாச்சரின் வீட்டிலோ நோய் உயிர்களைப் பறித்தது. 1859 இல் அவருடைய மூத்த மகள் ஜான் தமது 9ஆவது வயதில் நெருப்புக்காய்ச்சலால் இறந்தாள். 1865 இல் இரண்டு வயதான கமீல் வேறொரு நோயால் இறந்தாள். அடுத்த ஆண்டில் 12 வயதான செசீல் நெருப்புக்காய்ச்சலால் இறந்தாள். ஐந்து பிள்ளைகளில் இருவரே எஞ்சினர்.

நெருப்புக்காய்ச்சல் அசுத்தமான நீராலும் உணவாலும் பரவுகின்ற பற்றீரியா நோய் என்பதை இன்று நீங்கள் 10ஆம், 11ஆம் ஆண்டுகளிலேயே கற்கின்றீர்கள். அன்று ஐரோப்பாவின் தலைசிறந்த நுண்ணங்கி ஆய்வாளருக்கே அது தெரிந்திருக்கவில்லை. அந்நோயின் பற்றீரியா 1880 இலேயே நுணுக்குக்காட்டியில் அடையாளம் காணப்பட்டது. பீற்றூட் தொட்டியின் பழுதைக் கண்டுபிடித்த தந்தையால் தம் பிள்ளையின் நோய்க்குக் காரணம் காண முடியவில்லை.

1865 முதல் பாச்சர் தென் பிரான்சின் அலே பகுதியிற் பட்டுப்புழுக்களை அழித்த நோய்களை ஆராய்ந்துவந்தார். நோயுற்ற அந்துப்பூச்சிகளின் முட்டைகளை நுணுக்குக்காட்டியின் உதவியால் இனங்கண்டு நீக்கும் முறையை வகுத்தார். அவற்றுள் முக்கியமான நோயை ஏற்படுத்தியது பங்கசுக்கு உறவான ஓர் ஒட்டுண்ணி. 1868 ஒக்டோபரில், 45 வயதில், பக்கவாதம் தாக்கி அவருடைய இடப்பக்கம் செயலிழந்தது. அதன் பின் 27 ஆண்டுகள் அவர் வாழ்ந்தார். அவருடைய புகழ்பெற்ற மருத்துவ ஆய்வுகள் யாவும் இந்நோய்க்குப் பின்னரே நிகழ்ந்தவை.

கைகளும் கருவிகளும்

பாச்சரின் கட்டுரைகளை வாசித்த சத்திரசிகிச்சை நிபுணர் யோசப் லிஸ்டர், 1865 முதல் காயங்களுக்குக் காபோலிக்கமிலத்தைப் பயன்படுத்திச் சீழ்பிடித்தலைக் குறைத்தார். 1878 இல் பாச்சரும் பரிசு மருத்துவக் கழகத்தில் உரையாற்றி, கைகளை நன்கு கழுவுதல், கருவிகளைச் சுவாலையிற் பிடித்தல், கட்டுத்துணிகளை முன்கூட்டியே வெப்பமாக்குதல் என்பவற்றை வலியுறுத்தினார்.

அக்காலத்திற் பிள்ளை பெற்ற தாய்மார் பலர் பிரசவக் காய்ச்சலால் இறந்தனர். 1879 இல் மருத்துவக் கழகக் கூட்டமொன்றில் ஒருவர் அதற்கு வேறு காரணங்களைக் கூறிக்கொண்டிருக்க, பாச்சர் குறுக்கிட்டார். மருத்துவரும் உதவியாளருமே நோயாக்கியை ஒரு தாயிடமிருந்து இன்னொரு தாய்க்குக் கொண்டுசெல்கின்றனர் என்று கூறிக் கரும்பலகைக்குச் சென்று, மணிகளைக் கோத்தாற்போன்ற சங்கிலி வடிவப் பற்றீரியாவை வரைந்து காட்டினார். சவர்க்காரமிட்டுக் கை கழுவுங்கள் என்று இன்று உங்களுக்குக் கூறப்படுவதன் பின்னால் இத்தகைய தாய்மாரின் மரணங்கள் உள்ளன.

தடுப்பு மருந்துகள்

1876 இல் ஜேர்மனியின் றொபேட் கொக், கால்நடைகளைக் கொல்லும் அந்திராக்சு நோயின் பற்றீரியாவையும் அதன் வித்திகளையும் விளக்கினார். பாச்சர் அந்நோயைத் தொடர்ந்து ஆராய்ந்தார். இறந்த விலங்குகளைப் புதைத்த நிலத்தில், மண்புழுக்கள் வித்திகளை மேற்பரப்புக்குக் கொண்டுவருவதைச் சுட்டிக்காட்டினார்.

1879 அளவிற் கோழிக் கொலராவை ஆராய்ந்தபோது, நீண்டநாள் வைத்திருந்து வலுக்குறைந்த பற்றீரியா வளர்ப்பு, கோழிகளைக் கொல்லாமற் பாதுகாப்பளிப்பதைக் கண்டார். 1881 இல் பூயி-லெ-போர் என்னும் இடத்தில் அந்திராக்சு தடுப்பு மருந்தைப் பகிரங்கமாகப் பரிசோதித்தார். 24 செம்மறிகளுக்கு மே 5ஆம், 17ஆம் திகதிகளிற் தடுப்பு மருந்து ஏற்றப்பட்டது. வேறு 24 செம்மறிகளுக்கு ஏற்றப்படவில்லை. மே 31 இல் எல்லாவற்றுக்கும் வீரியமான பற்றீரியா செலுத்தப்பட்டது. ஜூன் 2ஆம் திகதி மக்கள் கூடியபோது, மருந்து பெற்ற செம்மறிகள் உயிருடன் நின்றன. மருந்து பெறாதவை அன்றைய நாள் முடிவதற்குள் இறந்தன. மருந்து பெறாத கூட்டத்தை வைத்ததன் காரணத்தைச் சிந்தியுங்கள். அதுவே கட்டுப்பாட்டுப் பரிசோதனை.

ஓர் உண்மையையும் இங்கே கூறவேண்டும். அந்த மருந்து ஒட்சிசனால் வலுக்குறைக்கப்பட்டது என்ற எண்ணம் நிலவப் பாச்சர் இடமளித்தார். ஆனால், அது சாம்பர்லாந்தின் முறைப்படி பொற்றாசியம் இருகுரோமேற்றினால் வலுக்குறைக்கப்பட்டது என்பதை அவருடைய ஆய்வுக் குறிப்பேடுகள் பிற்காலத்தில் வெளிப்படுத்தின. விஞ்ஞானிகளின் கூற்றையும் சான்றுகளைக் கொண்டே மதிப்பிடவேண்டும் என்பதை இது காட்டுகின்றது.

1885 ஜூலை 6ஆம் திகதி, விசர்நாயினாற் பலமாகக் கடியுண்ட 9 வயதுச் சிறுவன் யோசப் மைஸ்டரைத் தாயார் பாச்சரிடம் அழைத்து வந்தார். நோய்க்குறிகள் தோன்றினால் மரணம் நிச்சயம். நாய்களிற் பரிசோதித்த மருந்தே பாச்சரிடம் இருந்தது. அவர் மருத்துவர் அல்லர் ஆகையால், மருத்துவர் கிராஞ்சே ஊசி ஏற்றினார். உலர்த்தப்பட்ட முயலின் முண்ணாணிலிருந்து தயாரித்த மருந்து 13 தடவைகள் செலுத்தப்பட்டது. சிறுவன் நோயின்றி வீடு திரும்பினான்.

கவனிக்க: விசர்நாய்க்கடி நோயை ஏற்படுத்துவது வைரசு, பற்றீரியா அன்று. பாச்சரின் நுணுக்குக்காட்டிக்கு அது தென்படவில்லை. இன்றும் விலங்கு கடித்தால் காயத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

இறுதிக் காலம்

1888 நவெம்பரிற் பரிசில் பாச்சர் நிறுவகம் திறக்கப்பட்டது. அங்கே றூ, யெர்சின் ஆகியோர் தொண்டைக்கரப்பன் பற்றீரியாவின் நச்சுப்பொருளைக் கண்டறிந்தனர். அதே நிறுவகத்தில் மெச்சினிக்கோவ், புளித்த பாலிலுள்ள பற்றீரியாக்கள் உடலுக்கு நன்மை தரும் என்ற கருத்தைப் பரப்பினார். பாச்சரும் 1885 இலேயே, குடலிற் பற்றீரியா அறவே இல்லாத விலங்கு உயிர்வாழ முடியாது என்ற தமது கருத்தை வெளியிட்டிருந்தார். பின்வந்த பரிசோதனைகள், கிருமியற்ற கூண்டில் தனி உணவுடன் விலங்குகளை வளர்க்கலாம் எனக் காட்டின. ஆயினும், அவற்றின் குடலும் நிர்ப்பீடனத் தொகுதியும் சரிவர விருத்தியடைவதில்லை. ஆகவே, எல்லாப் பற்றீரியாக்களையும் ஒழித்துவிடுவது நமது நோக்கமாக இருக்க முடியாது. மருத்துவர் கூறாமல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை உண்ணலாகாது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பாச்சர் 1895 செப்டெம்பர் 28ஆம் திகதி தமது 72ஆவது வயதிற் காலமானார். அந்நாள் உலக விசர்நாய்க்கடி நோய்த் தடுப்புத் தினமாக அனுட்டிக்கப்படுகின்றது.

நினைவிற் கொள்ளுங்கள்

1. ஒவ்வொரு நொதித்தலுக்கும் உரிய நுண்ணங்கி உண்டு.
2. ஒரே பற்றீரியா இடத்தையும் நிபந்தனையையும் பொறுத்து நன்மையோ தீமையோ செய்யலாம்.
3. வெப்பநிலை, ஒட்சிசன், அமிலத்தன்மை, தூய்மை என்பவற்றைக் கட்டுப்படுத்தி நுண்ணங்கிகளை நமக்கு ஏற்றவாறு கையாளலாம்.
4. நோயாக்கிகளை உடலினுட் புகவிடாமற் தடுப்பதும், தடுப்பு மருந்தால் நிர்ப்பீடனம் பெறுவதும் சிறந்த பாதுகாப்பாகும்.

பயிற்சி வினாக்கள்

1. பாச்சராக்கத்துக்கும் கிருமியழித்தலுக்கும் இடையிலான வேறுபாடு ஒன்றைத் தருக.
2. அன்னக் கழுத்துக் குடுவையில் வளி உட்சென்றும் திரவம் பழுதடையாமைக்குக் காரணம் யாது?
3. வினாகிரி தயாரிக்கும்போது பற்றீரியாப் படலம் மேற்பரப்பில் இருக்கவேண்டியது ஏன்?
4. அந்திராக்சு பரிசோதனையில் தடுப்பு மருந்து பெறாத செம்மறிகளின் பங்கு யாது?
5. உங்கள் வீட்டிற் பற்றீரியா நன்மை செய்யும் சந்தர்ப்பம் ஒன்றையும் தீமை செய்யும் சந்தர்ப்பம் ஒன்றையும் குறிப்பிட்டு, இரண்டிலும் நீங்கள் கட்டுப்படுத்தக்கூடிய நிபந்தனை ஒவ்வொன்றை எழுதுக.

ஐந்தாம் வினாவுக்கு விடை எழுதுமுன் பட்டியலைப் புரட்டவேண்டாம். சமையலறைக்குச் சென்று சுற்றிப் பாருங்கள். விடை அங்கேயே கிடைக்கும்.